காலி வீடு உண்டு, குடியேற வீடு இல்லை: அமெரிக்கக் கணக்கெடுப்புத் தளங்கள் பற்றி ஒரு மதிப்புரை

என் அண்ணன் மகள் மருத்துவர். ஜே-1 என்னும் தற்காலிகப் பயிற்சி விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஓர் இடத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்ய ஒப்புக்கொண்டால், கான்ராட் 30 என்னும் திட்டத்தின்கீழ் அதிலிருந்து விலக்குப் பெறலாம். அவளுக்கு அப்படிக் கிடைத்த இடம் மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் மெக்டவல் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி). "சித்தப்பா, நீங்கள்தானே எப்போதும் கணக்கும் புள்ளிவிவரமுமாக இருப்பீர்கள்? அந்த ஊரில் வீடு கிடைக்குமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். அதற்காக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் குவிக்ஃபேக்ட்ஸ் பக்கத்தையும் டேட்டா சென்சஸ் தளத்தையும் ஏறக்குறைய மூன்று வாரம் புரட்டினேன். இரண்டும் இலவசம், கணக்குத் தொடங்கவோ கடவுச்சொல் வைத்துக்கொள்ளவோ தேவையில்லை.

முதலில் குவிக்ஃபேக்ட்ஸ். கவுண்டியின் பெயரை அடித்தால் மக்கள்தொகை, வயது, வீட்டு வாடகை, வேலைக்குச் செல்ல ஆகும் சராசரி நேரம், அகன்ற அலைவரிசை இணைய வசதியுள்ள குடும்பங்களின் பங்கு என்று எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து நிற்கின்றன. ஆறு இடங்கள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மெக்டவலையும் அதன் கிழக்கே உள்ள மெர்சர் கவுண்டியையும் மாநிலத்தையும் நாட்டையும் வரிசையாக நிறுத்திப் பார்த்த ஐந்து நிமிடத்தில் ஊரின் உருவம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. மக்கள்தொகை 2010-இல் 22,113, 2020-இல் 19,111. பத்தே ஆண்டுகளில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்களை ஒரு கவுண்டி இழந்திருக்கிறது என்றால், அங்கே வீடுகளுக்குப் பஞ்சம் இருக்காது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

இந்தப் பக்கத்தின் முதல் குறை உடனே எதிர்ப்பட்டது. கவுண்டியின் தலைநகரான வெல்ச்சைத் தேடினால் கிடைக்கவில்லை. மாநிலங்களும் கவுண்டிகளும் அனைத்தும் குவிக்ஃபேக்ட்ஸில் உண்டு. ஆனால் நகரம் என்றால் குறைந்தது 5,000 பேராவது வேண்டும், வெல்ச் அந்த அளவுக்குக் கீழே போய் வெகுகாலமாகிறது. கிராமப்புறக் கவுண்டிகளைப் பற்றி அறிய விரும்புபவருக்கு இது பெரிய இடைவெளி. இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. ஒரே நெடுவரிசையில் ஓர் எண் முழுக் கணக்கெடுப்பிலிருந்தும், அடுத்தது ஆண்டுதோறும் வெளியாகும் மதிப்பீட்டிலிருந்தும், அதற்கடுத்தது ஐந்தாண்டு மாதிரி ஆய்விலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கும். ஆண்டைக் குறிப்பிட்டிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் மாதிரி ஆய்வின் எண்களுக்கு எவ்வளவு பிழை வரம்பு, அதாவது உண்மை எண் இருபுறமும் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதைப் பக்கத்திலேயே காட்டுவதில்லை. 40 லட்சம் பேர் உள்ள கவுண்டிக்கு அது பொருட்டில்லை. 19,000 பேருக்குப் பொருட்டு.

மக்கள்தொகைச் சரிவின் நீளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தப் பக்கம் போதாது, பழைய கணக்கெடுப்புகளுக்குப் போக வேண்டும். 1950-இல் இந்தக் கவுண்டியில் 98,887 பேர் வாழ்ந்தார்கள். நிலக்கரிதான் காரணம்; அவர்கள் வெளியேறியதற்கும் அதே நிலக்கரிதான் காரணம். சுரங்கத்துக்குள் மண்வெட்டியால் கரியை அள்ளிய ஆட்களின் இடத்தை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. 1980களில் உருக்குத் தொழில் சரிந்து, யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் இந்தக் கவுண்டியின் கேரி நகரத்துச் சுரங்கங்களை மூடியது. அந்தப் பத்தாண்டில் மட்டும் மக்கள்தொகை 49,899-இலிருந்து 35,233-க்கு இறங்கியது. 72 ஆண்டு இரகசியக் காலம் முடிந்ததால் 1950-இன் கணக்கெடுப்புத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியாக வெளியிடப்பட்டன. தாளுக்கு முப்பது வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர், கணக்கெடுப்பாளரின் சாய்ந்த கையெழுத்து. வேலை என்ற கட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் என்பது வரிக்கு வரி திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துக்கொண்டே போனதில் ஓர் இரவு முழுவதும் எனக்குக் கழிந்துவிட்டது. வீடு தேடும் வேலைக்கு இது எந்த உதவியும் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன்.

எண்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, கைதிகள். வெல்ச்சில் ஒரு கூட்டாட்சிச் சிறை இருக்கிறது. கைதிகள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அடைக்கப்பட்டிருக்கும் இடத்தில் வசிப்பவர்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். மக்கள்தொகை குறைவான கவுண்டியில் ஒரு சிறை, வேலை செய்யும் வயதுள்ள ஆண்களின் எண்ணிக்கையை ஊதிக்காட்டப் போதும். குடும்பங்கள், வீடுகள் பற்றிய அட்டவணைகளில் அவர்கள் வருவதில்லை என்பதால், மக்கள்தொகையை வீடுகளின் எண்ணிக்கையால் நேரடியாக வகுத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

இனி டேட்டா சென்சஸ் தளம். 2020 மார்ச்சில் ஓய்வுபெற்ற அமெரிக்கன் ஃபேக்ட்ஃபைண்டர் என்ற பழைய தளத்தின் இடத்தில் வந்தது இது. உண்மையான சரக்கு இங்கேதான் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் இல்லாத மொத்த விற்பனைக் கிடங்கு போன்றது. என்ன வேண்டும் என்று தெரியாமல் உள்ளே போனால் நூற்றுக்கணக்கான அட்டவணைகள் தலையில் கொட்டும். அட்டவணையின் எண் தெரிந்தவருக்கோ இது சொர்க்கம். வீட்டுவசதிக்கு டிபி04, வருமானத்துக்கும் வேலைக்கும் டிபி03, காலி வீடுகளுக்கு பி25004: இந்த மூன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

இந்த அட்டவணைகளை நிரப்புவது அமெரிக்கச் சமூக ஆய்வு. முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதி வீடுகளுக்கு அனுப்பப்பட்ட நெடும்படிவத்தின் இடத்தில், 2005 முதல் முழுவீச்சில் நடந்துவரும் தொடர் ஆய்வு இது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்கு இதன் படிவம் போகிறது. 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு ஓராண்டுத் தரவு கிடைக்கும். அதற்குக் குறைந்த இடங்களுக்கு ஐந்தாண்டுகளின் மாதிரியைச் சேர்த்துத்தான் தருகிறார்கள். ஆகவே மெக்டவலைப் பற்றி நீங்கள் பார்க்கும் எண் எந்த ஓர் ஆண்டின் நிலவரமும் அல்ல, ஐந்து ஆண்டுகளின் கலவை. அடுத்தடுத்த இரண்டு வெளியீடுகளில் நான்கு ஆண்டுகள் பொதுவாக இருப்பதால், போன ஆண்டைவிட வாடகை ஏறிவிட்டது என்று அவற்றை ஒப்பிட்டுச் சொல்வது தவறு. ஒன்றோடொன்று மேற்படாத ஐந்தாண்டுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

தளத்தின் ஆகச்சிறந்த பண்பு, ஒவ்வொரு எண்ணின் அருகிலும் பிழை வரம்பை அச்சிட்டிருப்பதுதான். 90 விழுக்காடு நம்பகத்தன்மையில் கணக்கிட்ட வரம்பு அது. ஒரு பேச்சுக்கு, வாடகைக்குக் காத்திருக்கும் வீடுகள் 60 என்றும் பிழை வரம்பு 45 என்றும் போட்டிருந்தால், உண்மை எண் 15-ஆகவும் இருக்கலாம், 105-ஆகவும் இருக்கலாம். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதைத் தானே எழுதிவைக்கும் அரசுத் தளங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது என் அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். டிபி04-இல் காலி வீடுகளின் பங்கைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் அவளை அழைத்து, "கவலைப்படாதே அம்மா, ஏகப்பட்ட வீடு காலியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். பி25004-ஐத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலி என்ற ஒரு சொல்லை அந்த அட்டவணை ஏழாகப் பிரிக்கிறது: வாடகைக்கு விடப்படுவது, வாடகைக்குப் பேசியும் குடிவராதது, விற்பனைக்கு உள்ளது, விற்றும் குடிவராதது, விடுமுறைக்காலப் பயன்பாட்டுக்கானது, இடம்பெயரும் தொழிலாளருக்கானது, பிற. மெக்டவலில் பெரும்பகுதி அந்தப் பிற என்ற கடைசி வரியில் போய் விழுகிறது. உரிமையாளர் இறந்து வாரிசுகள் வெளிமாநிலத்தில் இருக்கும் வீடு, பழுது பார்க்கப் பணமில்லாமல் பூட்டிப்போட்ட வீடு, என்றாவது திரும்பி வருவோம் என்று விட்டுவைத்த வீடு எல்லாம் அந்த வரியில்தான் இருக்கின்றன. வாடகைக்கு என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டவை மிகச் சில.

அவள் நேர்காணலுக்காக ஒருமுறை காரில் போய்வந்தபோது, ஓடையை ஒட்டிய குறுகலான பள்ளத்தாக்குச் சாலையில், அக்காலத்தில் சுரங்க நிறுவனங்கள் ஒரே அச்சில் கட்டிக்கொடுத்த மரவீடுகள் வரிசையாக நிற்பதையும், அவற்றில் சில கூரை உள்வாங்கி, முன்திண்ணையில் செடிகொடி மண்டி, சன்னல் இருந்த இடத்தில் ஓட்டையாக இருப்பதையும் படம் எடுத்து அனுப்பினாள். "இதெல்லாமா சித்தப்பா உங்கள் காலி வீடு?" என்று கேட்டிருந்தாள். விளக்கக் குறிப்பைத் தேடிப் படித்தேன். கூரையோ சுவரோ சன்னலோ கதவோ இற்றுப்போய் வெயிலும் மழையும் உள்ளே வரும்படி ஆன காலி வீட்டை வீடு என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது அவள் படமெடுத்த வீடுகள் காலி வீடுகளின் பட்டியலில்கூட இல்லை. சிதிலம் முற்றிய பிறகு ஒரு வீடு புள்ளிவிவரத்திலிருந்து மறைந்துவிடுகிறது. காலி விகிதம் ஒரு துளி குறைந்து, ஊர் சற்றே நலமடைந்ததைப் போலத் தோற்றமளிக்கிறது. வரையறை நியாயமானதுதான், ஆனால் இந்தக் குறிப்பு அட்டவணையிலிருந்து நாலைந்து சொடுக்குத் தூரத்தில், நூறு பக்க விளக்கக் கோப்பு ஒன்றுக்குள் புதைந்திருக்கிறது.

தண்ணீர் வசதியிலும் இதே கதை. முழுமையான குழாய் வசதி இல்லாத வீடுகள் என்று ஒரு வரி உண்டு. சூடான, குளிர்ந்த குழாய்நீரும், குளியல் தொட்டியோ ஷவரோவும் இருந்தால் வசதி முழுமை பெற்றதாகக் கொள்வார்கள். கழிவறை பற்றிய கேள்வி 2016-இல் நீக்கப்பட்டது. அந்தக் குழாயில் வருவது குடிக்கத் தகுந்த நீரா, கழிவுநீர் எங்கே போகிறது என்பதெல்லாம் அந்த வரிக்குள் இல்லை. மெக்டவலின் பள்ளத்தாக்குகளில் பல வீடுகளின் கழிவு நேர்க்குழாய் வழியாக ஓடைக்குப் போவது அங்குள்ளவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பொதுச் சாக்கடையா, கழிவுத்தொட்டியா என்ற கேள்வியை 1990-இன் நெடும்படிவம் கேட்டது. 2000-இல் அது விடப்பட்டது. ஆகையால் கழிவை ஓடையில் விடும் வீடும் இந்த அட்டவணையில் குழாய் வசதி முழுமையாக உள்ள வீடாகவே நிற்கிறது.

மற்ற வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டில் வாழ்பவர்களின் பங்கில் மேற்கு வர்ஜீனியா நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. இதைச் செழிப்பு என்று படிப்பதற்குமுன், எத்தனை வீடுகள் மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தும் வீடு) என்பதையும் டிபி04-இல் பார்க்க வேண்டும். வீட்டின் மதிப்பு உரிமையாளரே சொல்லும் தொகை. வாங்க ஆளில்லாத சந்தையில் அது ஓர் ஊகம்தான். சூடேற்றும் எரிபொருள் என்ற வரியில் விறகுக்கும் நிலக்கரிக்கும் இன்னும் தனி இடம் இருப்பது எனக்குப் பிடித்த விவரம். டிபி03-இல் உணவு உதவி பெறும் குடும்பங்கள் என்ற வரியும் உண்டு. கென்னடி ஆட்சியின் சோதனைத் திட்டத்தின் முதல் உணவு முத்திரைகள் (கடையில் உணவு வாங்க அரசு தரும் சீட்டுகள்) 1961 மே 29 அன்று வழங்கப்பட்டது இதே கவுண்டியில்தான் என்று தெரிந்து படித்தால் அந்த வரியின் கனம் கூடுகிறது.

பயன்பாட்டு வசதியைப் பொறுத்தவரை, கைப்பேசியில் டேட்டா சென்சஸ் தளத்தைத் திறக்காதீர்கள். அகன்ற அட்டவணையை விரலால் தள்ளித் தள்ளியே பொழுது போய்விடும். கணினியில் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்வது மேல். குவிக்ஃபேக்ட்ஸ் கைப்பேசியிலும் நன்றாகவே ஓடுகிறது. ஒரு கவுண்டியில் பணம் போடவோ குடியேறவோ நினைப்பவர் குவிக்ஃபேக்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அவளுக்கு ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. உடன் வேலை செய்யும் செவிலியரின் அத்தை வீட்டு மாடி, நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. இணையத்தில் விளம்பரம் இல்லை, வாசலில் பலகையும் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று அந்த அம்மாள் நினைத்திருந்தாராம். ஆய்வுக்காரர்கள் அந்த நான்கு ஆண்டுகளில் எப்போதாவது அந்த முகவரிக்கு வந்திருந்தால், அந்த மாடியைப் பிற என்ற வரியில்தான் எழுதியிருப்பார்கள்.