நாள் பார்த்தா, முட்டையை எண்ணியா? குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் இரு வழிகள்

குதிரை வளர்ப்பவர்களிடம் கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டால் உடனே தேதி சொல்வார்கள். அப்போது கொடுக்க வேண்டியிருந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று நாள் குறித்து, லாயத்தில் நிற்கும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் மருந்து புகட்டுவது ஒரு வழி. லத்தியைச் சோதித்து, அதிலுள்ள புழுமுட்டைகளை எண்ணி, தேவைப்படும் குதிரைக்கு மட்டும் கொடுப்பது இன்னொரு வழி. வேப்பிலை, பூண்டு என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை முதலிலேயே முடித்துவிடலாம்: குதிரையின் குடற்புழுவை அவை ஒழிப்பதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. பூண்டை அளவுக்கு மீறி நாள்கணக்கில் கொடுத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து குதிரைக்குச் சோகை பிடிக்கும். இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான். நான் எண்ணுகிறவர்கள் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

நாள் பார்த்துக் கொடுக்கும் முறையைச் சோம்பேறிகளின் வழி என்று ஒதுக்குவது நியாயமில்லை. 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் இருந்த ஆய்வாளர்கள் பரிந்துரைத்து உலகெங்கும் பரவிய முறை அது. அன்றைக்குக் குதிரைகளை அதிகம் கொன்ற எதிரி இரத்தப்புழு. அதன் இளம்புழுக்கள் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிக்குள் புகுந்து சுவரைத் தடிக்கச் செய்யும், இரத்தம் உறையும், உறைந்த கட்டி நகர்ந்து அடைத்தால் குடலின் ஒரு பகுதி செத்துப்போகும். காலையில் கொள்ளு தின்ற குதிரை மாலையில் சூலை கண்டு புரண்டு சாகும். இந்தப் புழு வயிற்றுக்குள் போய் முட்டையிடும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதற்குள் திரும்பத் திரும்ப அடித்தால் மேய்ச்சல் நிலத்தில் முட்டையே விழாது. கணக்கு சரியாக இருந்தது, பலனும் கிடைத்தது. ஒழுங்காக மருந்து கொடுத்த பண்ணைகளில் இரத்தப்புழு அரிதாகிப்போனது. ஆய்வகமும் நுண்ணோக்கியும் இல்லாத ஊரில், லாயத்தில் வேலை பார்ப்பவரே செய்து முடித்துவிடலாம் என்ற வசதியும் அதற்கு உண்டு.

சிக்கல் என்னவென்றால், எதிரி மாறிவிட்டது; மருந்து கொடுக்கும் பழக்கம் மாறவில்லை. இன்று வளர்ந்த குதிரைகளின் பெருங்குடலில் குடியிருப்பவை பெரும்பாலும் சிறு வட்டப்புழுக்கள். ஐம்பதுக்கும் குறையாத இனங்கள். இவற்றின் இளம்புழுக்கள் குடல்சுவருக்குள் கூடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில், சில வேளை இரண்டு ஆண்டுக்கும் மேல்கூட உறங்கும். ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும்போதும் அதற்கு அடங்கும் புழு சாகிறது, அடங்காதது பிழைக்கிறது. எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு நிலத்தில் விழும் முட்டை முழுக்கப் பிழைத்தவற்றின் வாரிசுதான். மருந்து கொடுக்காத இரண்டு குதிரைகள் அங்கே நின்றிருந்தால், அவற்றின் வயிற்றிலுள்ள சாதாரணப் புழுக்களின் முட்டையும் கலந்து அந்த வாரிசுகளின் பங்கைக் குறைத்திருக்கும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம் என்று நாம் பெருமைப்படுகிற இடமே எதிர்ப்புத்திறன் வளரும் இடம்.

இதன் விளைவு உலகின் பல பகுதிகளில் தெரிந்துவிட்டது. ஃபென்பெண்டசோல் வகை மருந்துகள் சிறு வட்டப்புழுக்களிடம் பரவலாகத் தோற்றுவிட்டன. பைரண்டெலுக்கும் பல இடங்களில் அதே கதி. ஐவர்மெக்டினும் மாக்ஸிடெக்டினும் பொதுவாக இன்னும் தாங்குகின்றன. ஆனால் மருந்து கொடுத்தபின் லத்தியில் மறுபடி முட்டை தென்படுவதற்கு ஆகும் காலம் முன்பைவிடக் குறைந்து வருகிறது. அடுத்த தோல்விக்கான அறிகுறி அது.

"நாங்கள் மருந்தை மாற்றி மாற்றித்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். பல நேரம் மாறுவது டப்பாவின் பெயர் மட்டும். உள்ளிருக்கும் மருந்து அதுவேதான். உண்மையிலேயே மருந்து மாறினாலும், ஏற்கெனவே தோற்றுப்போன ஒன்றின் முறை வரும்போது அந்த இரண்டு மாதம் குதிரைக்கு மருந்தே கொடுக்காத மாதிரிதான். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எண்ணும் முறையில் மந்திரம் எதுவும் இல்லை. நான்கு கிராம் லத்தியை 26 மில்லிலிட்டர் அடர் உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கரைத்து வடிகட்டுவார்கள். கோடு போட்ட கண்ணாடித் தகட்டின் இரு அறைகளில் ஊற்றிச் சில நிமிடம் விடுவார்கள். கரைசல் கனமானது, முட்டை லேசானது. மேலே மிதந்து, அறையை மூடியிருக்கும் மேல்கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டி நிற்கும். நுண்ணோக்கியில் மெல்லிய ஓடுடைய நீள்வட்டங்களாகத் தெரியும். இரண்டு அறைகளிலும் தெரிந்ததைக் கூட்டி 25-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் லத்தியில் எத்தனை முட்டை என்பது கிடைக்கும். மூன்று முட்டை தெரிந்தால் 75. நாற்பது தெரிந்தால் 1000. பொதுவாக 200-க்குக் கீழே இருந்தால் குறைவு, 500-க்கு மேல் போனால் அதிகம் என்று கொள்வார்கள்.

இந்த எண்ணைத் தவறாகப் படிப்பவர்கள் நிறைய. 75 வந்தால் குதிரை சுத்தம், 1000 வந்தால் வயிறு முழுக்கப் புழு என்று பொருளல்ல. குடல்சுவரில் உறங்கும் இளம்புழு முட்டையிடாது. அது இந்தக் கணக்கில் வரவே வராது. நாடாப்புழுவின் முட்டை எப்போதாவதுதான் சிக்கும். வால் அடியைத் தேய்க்க வைக்கும் ஊசிப்புழு தன் முட்டையை ஆசனவாயைச் சுற்றி ஒட்டிவிடுவதால் லத்தியில் தேடிப் பயனில்லை. இந்த எண் சொல்வது ஒன்றைத்தான்: நிலத்தை அசுத்தப்படுத்துவது யார் என்பதை. வளர்ந்த குதிரைக் கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குதிரைகளே முட்டைகளில் ஐந்தில் நான்கு பங்கைப் போடுகின்றன என்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி. குறைவாகப் போடும் குதிரை ஆண்டுக்கு ஆண்டு குறைவாகவே போடும். ஓரிரு ஆண்டு பார்த்தால் யார் யார் என்று தெரிந்துவிடும். பிறகு எல்லோர் வாயிலும் மருந்தைத் திணிக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய லாபம் மருந்தையே சோதிக்க முடிவது. கொடுக்கும் நாளில் ஒரு மாதிரி, 14 நாள் கழித்து இன்னொரு மாதிரி. 800 இருந்தது 400 ஆகியிருந்தால் 50 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஃபென்பெண்டசோல் என்றால் 90-ஆவது எட்ட வேண்டும், ஐவர்மெக்டின் என்றால் 95. ஒரே குதிரையை வைத்து முடிவு கட்டாமல் ஐந்தாறு குதிரைகளின் சராசரியைப் பார்ப்பது நல்லது. அந்த லாயத்தில் எந்த மருந்து செத்துவிட்டது என்பதை நாட்காட்டி ஒருநாளும் சொல்லாது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையில் விழுந்த, சூடு ஆறாத லத்தியில் நடுவிலிருந்து இரண்டு மூன்று உருண்டையை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிக் கட்ட வேண்டும். நம் வெயிலில் பைக் பெட்டியில் கிடந்தால் முட்டை பொரியத் தொடங்கலாம். எண்ணிக்கை குறைந்துவிடும். பனிக்கட்டிப் பையோடு அன்றைக்கே கொண்டுபோங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளையோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவையோ விசாரிக்கலாம். சில இடங்களில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். நமக்கு அது போதாது. கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணித் தரும்படி கேளுங்கள்.

எண்ணுகிறவர்கள் கட்சிக்குத் தலைகுனிவு தந்த நாடு டென்மார்க். அங்கே 1999-இலிருந்து மருத்துவரின் சீட்டு இல்லாமல் குடற்புழு மருந்து வாங்க முடியாது. முட்டையை எண்ணித்தான் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் பார்த்தால், எண்ணிக் கொடுத்த பண்ணைகளில் பழைய எதிரியான இரத்தப்புழு அதிகமாகத் தென்பட்டது. வியப்பில்லை. இரத்தப்புழுவின் முட்டையும் சிறு வட்டப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். 100 முட்டை என்று விட்டுவிட்ட குதிரையின் வயிற்றில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வளர்ந்த குதிரைக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை அடிப்படை மருந்து உண்டு. அதற்கு மேல் கொடுப்பதை மட்டும் எண்ணிக்கை முடிவு செய்யட்டும் என்ற இடத்துக்கு இன்றைய வழிகாட்டுதல்கள் வந்திருக்கின்றன.

அந்த இரண்டு முறை எப்போது? இங்கேதான் வெளிநாட்டு அட்டவணையை அப்படியே ஒட்டிக்கொள்பவர்கள் மேல் எனக்குக் கோபம். வசந்தம், இலையுதிர்காலம் என்று எழுதிய அட்டவணைக்குக் கோயம்புத்தூரில் என்ன வேலை? 25 முதல் 30 டிகிரி வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை தொற்றும் பருவத்துப் புழுவாகிவிடும். அந்தப் பருவத்துப் புழு எதையும் தின்பதில்லை. சேமித்த சக்தியில் வாழ்கிறது. வெயில் ஏற ஏற அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்து செத்துவிடும். சமவெளியில் சித்திரை வைகாசி வெயில் நமக்கு இலவச மருந்து. ஆபத்து மழை மாதங்களில். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று என்பது சமவெளிக்குப் பொருந்தும் ஏற்பாடு. உதகை, கொடைக்கானல் குளிரில் புழு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அங்கே கணக்கு வேறு.

இன்னொன்று, நம் ஊரில் பல குதிரைகள் மேய்வதே இல்லை. கட்டுத்தரையில் நின்று அறுத்துப் போட்ட புல்லையும் கொள்ளையும் தவிட்டையும் தின்கின்றன. வட்டப்புழு புல்லில் ஏறித்தான் வாய்க்குள் போக வேண்டும். அப்படிப்பட்ட குதிரைக்கு இரண்டு மாதத்துக்கொரு முறை மருந்து கொடுப்பது பணத்தை லத்தியோடு கலந்து எறிவது. ஆனால் பச்சை லத்தியை எருவாகப் போட்ட நிலத்தில் வளர்ந்த நேப்பியர் புல்லை அறுத்துப் போட்டால் அந்தக் காப்பு போய்விடும். லத்தியைக் குவித்து மக்கவிட்டு, உள்ளே சூடேறி அடங்கியபின் நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேய்ச்சல் நிலம் இருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை லத்தியை அள்ளுங்கள். எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது. குதிரை மேய்ந்த இடத்தில் மாட்டை விட்டாலும் நல்லது. குதிரையின் வட்டப்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைக்காது.

குட்டிகள் விஷயத்தில் நாட்காட்டிதான் வெல்கிறது, சந்தேகமே இல்லை. அவற்றைத் தாக்கும் பெரிய உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் இரண்டு மூன்று மாதத்தில் முதல் மருந்து, பால்மறக்கும் வாக்கில் அடுத்தது என்று முதலாண்டிலேயே நான்கு முறை தேவைப்படும். இங்கே மருந்தின் வரிசையும் தலைகீழ்: இந்தப் புழு ஐவர்மெக்டினுக்குப் பல இடங்களில் அடங்குவதில்லை, ஃபென்பெண்டசோல்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. வயிறு ஊதி, முடி கரடுமுரடாகி, நிறைய புழு இருப்பதாகத் தெரியும் குட்டிக்குப் புழுவைச் சட்டென்று செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்தால், செத்த புழுக்கள் கயிறாகத் திரண்டு சிறுகுடலை அடைத்துவிடலாம். மருத்துவர் இல்லாமல் இறங்கக் கூடாத இடம்.

இரண்டு வழிகளுக்கும் நடுவே உண்மையான வேறுபாடு இதுவும்தான்: நாட்காட்டி முறையில் மருத்துவர் தேவையே இல்லை, மருந்துக்கடை போதும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்துக் கொடுப்பது, மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடுவது, மெலிந்த குதிரைக்கும் பால்குடிக் குட்டிக்கும் மாக்ஸிடெக்டின் கொடுப்பது எல்லாம் அந்தச் சுதந்திரத்தில் நடப்பவை. ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் குதிரையையே இழக்க நேரிடலாம். வாய்வழிப் பசை வந்ததே அதனால்தான். எடைக்கு நாடா போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து பிட்டம்வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். 160-க்கு 140 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பதால் 60 மில்லிகிராம்.

ஒன்றிரண்டு குதிரையைக் கட்டுத்தரையில் வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரு முறை மருந்தும் ஓர் எண்ணிக்கையும் என்று நிறுத்திக்கொள்ளலாம். பத்துக் குதிரை மேயும் சவாரிப் பள்ளிக்கு எண்ணுவது கட்டாயம். சோதனைச் செலவு மருந்துச் செலவில் மிச்சமாகிவிடும். மலை ஊர்களில் பொது நிலத்தில் மட்டக்குதிரைகளை அவிழ்த்துவிடுபவர்கள் நிலைதான் கடினம். என் குதிரையின் எண்ணிக்கை 50 ஆக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருடையது 2000 ஆக இருந்தால் இரண்டும் மேய்வது ஒரே புல்லை. அங்கே சங்கமாகச் சேர்ந்து மருத்துவரை வரவழைத்து எல்லாக் குதிரைக்கும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்தியூர்ச் சந்தையிலிருந்தோ வேறெங்கிருந்தோ புதுக் குதிரை வந்தால், வந்த அன்றே மாதிரி எடுத்து, மருந்து கொடுத்து, 14 நாள் கழித்து மறு மாதிரியின் முடிவு வரும்வரை தனியாகக் கட்டுங்கள்.