ஞாபக மறதி செக்கப்: 1,800 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

அம்மாவுக்கு வயது 67. ஆறு மாதமாக ஒரே புலம்பல், "எனக்கு மூளை மழுங்கிட்டுய்யா" என்று. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறாள், மைனியைக் கூப்பிட வந்து அக்கா பேரைச் சொல்கிறாள், சாவி தேடியே பாதிப் பொழுது போகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருத்தி கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டதைப் பார்த்தவள், அந்தப் பயம் வேறு. சரி, ஒரு தடவை காட்டிவிடுவோம் என்று முக்கூடலில் பஸ் ஏறி, அப்பாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பெயர் சொல்லவில்லை, குறையும் சொல்லப்போகிறேன்.

முதல் குறை, 10 மணி டோக்கனுக்கு 12 மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது, ஏனென்றால் பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் இதே கதைதான். ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடினாராம். கையில் கொடுத்த படிவத்தில் முதல் கேள்வியே "ஞாபக சக்தி குறைந்ததாக உணர்கிறீர்களா?" இதற்கு இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? எனக்கு 38 வயது, நானே டிக் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். கேட்கிற விதத்துக்கு ஏற்ப எண்ணிக்கை மாறுகிறது. அமெரிக்காவில் 45 வயது தாண்டியவர்களிடம், கடந்த ஒரு வருடத்தில் மறதி கூடிக்கொண்டே போகிறதா என்று கறாராகக் கேட்கும்போது, 9 பேரில் ஒருவர்தான் ஆமாம் என்கிறார். பல நாட்டு ஆய்வுகளில் முதியவர்களைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட கணக்கில், சோதனையில் குறை எதுவும் இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவர் தன் ஞாபகம் குறைகிறது என்று நினைக்கிறார். நம் நாட்டில் 60 தாண்டியவர்களில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு 7 பேர் சொச்சம். புலம்புகிறவர்கள் எல்லாருக்கும் அந்த வியாதி இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அதற்காகப் புலம்பலைத் தள்ளிவிடவும் முடியாது, புலம்பாதவர்களைவிட இவர்களுக்குப் பின்னாளில் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான்.

அடுத்தது டெஸ்ட். 30 மார்க், 1975இல் அமெரிக்காவில் போட்ட கேள்வித்தாளின் தமிழாக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. டெஸ்ட் எடுத்த பிள்ளை, "ஆச்சி, இப்ப என்ன காலம், வசந்த காலமா, இலையுதிர் காலமா?" என்று கேட்க, அம்மா, "ரெண்டும் இல்லம்மா, காத்துக் காலம், குற்றாலத்துல சாரல் விழுதுல்லா" என்றாள். தேதி கேட்டதற்கு "ஆடி 11" என்று பட்டென்று வந்தது. அந்தப் பிள்ளைதான் செல்போனில் காலண்டரைத் திறந்து சரிபார்த்தது! நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது 93, 86, 79 என்று நிற்காமல் ஓடினாள். முப்பது வருடம் பீடி சுற்றி, கட்டுக்கு 25 என்று எண்ணி, கடையில் இலைக்கும் தூளுக்கும் கணக்குப் பேசினவள், படித்தது என்னவோ அஞ்சாம் வகுப்புதான். மூன்று வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னதில்தான் மாட்டினாள். ஒன்றுதான் வந்தது.

இந்த இடத்தில்தான் டாக்டரைப் பாராட்ட வேண்டும். மார்க்கை மட்டும் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை. மாஸ்க்கைக் கழற்றி, கதவைச் சாத்தி, வேறு மூன்று வார்த்தைகளை உரக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து மூன்றும் வந்தன. "அம்மாவுக்கு மறதி இருக்கட்டும், முதல்ல காது கேக்குதான்னு பாருங்க. காதுல விழாதது எப்படி ஞாபகத்துல நிக்கும்?" என்றார். வெளியே டோக்கன் கூவும் ஸ்பீக்கருக்குக் கீழே வைத்து அந்த டெஸ்டை எடுத்தது கிளினிக்கின் தப்பு, அதை அவரிடமே சொன்னேன், சிரித்தார்.

அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். சர்க்கரைக்கு ஒன்பது வருடமாக மெட்பார்மின், தூக்கம் வராமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, சளிக்கு ஒன்று. மெட்பார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாமாம், பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், தூக்க மாத்திரையும் சில சளி மாத்திரைகளும் தன் பங்குக்கு மந்தமாக்கும். ரத்தம் எடுத்ததில் தைராய்டு சரி, பி12 நன்றாகவே குறைவு. ஊசி எழுதினார். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்.

என்னைத் தனியாக வைத்தும் கேட்டார்: சமையல், பணம், பஸ் எதிலாவது தடுமாற்றம் உண்டா என்று. இல்லை. தானே வந்து மறக்குது என்கிறவரைவிட, தான் நன்றாக இருக்கிறேன் என்று சாதிப்பவரை வீட்டார் சந்தேகப்பட்டால் அதைத்தான் உடனே பார்க்க வேண்டும் என்றார். வெளியே அப்பா, "எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் ரேஷன் கடைக்குப் போனவர், நாற்பது வருடமாக நடக்கிற தெருவில் வழி கேட்டு நின்றதாகக் கடைக்கார அண்ணாச்சி சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த புதன்கிழமைக்கு அவர் பேருக்கு டோக்கன் போட்டுவிட்டேன். சுகர் பார்க்க என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

1,800 ரூபாயில் டெஸ்டும் டாக்டர் பீஸும் அடக்கம், ரத்தப் பரிசோதனை தனி. பில் போடுகிற இடத்தில் "மெமரி கேப்சூல்" என்று 950 ரூபாய் டப்பா ஒன்றைத் தள்ளப் பார்த்தார்கள். டாக்டர் சீட்டில் அது இல்லை, வாங்கவில்லை, நீங்களும் சீட்டைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஐந்துக்கு மூன்றரை, டாக்டருக்கு மட்டும் என்றால் ஐந்து. போகிறவர்கள் மாத்திரை எல்லாவற்றையும், கண்ணாடியையும் எடுத்துப் போங்கள், காலை முதல் டோக்கனாகப் பாருங்கள், அந்த நேரத்தில் ஸ்பீக்கர் சத்தம் இருக்காது.