மேக் டிஸ்க் கைக்கு வந்தால்: காசு கொடுத்து டிரைவரா, உபுண்டு பென் டிரைவா?

"அண்ணே, ஃபார்மேட் பண்ணணும்னு கேக்குது, ஓகே குடுத்துடட்டுமா?"

கடையில் எடிட்டிங் பழகும் தம்பி கேட்டதும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். புதுச்சேரியிலிருந்து வந்த 4 டிபி டிஸ்க். உள்ளே மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. மேக்கில் ஃபார்மேட் ஆன டிஸ்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லாமல், ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் 'இனிஷியலைஸ்' கேட்டாலும் கேன்சல்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுடையது விண்டோஸ். படம் பிடித்துத் தரும் நண்பர் லாஸ்பேட்டையில் மேக் வைத்திருக்கிறார். டிஸ்க் பஸ்ஸில் போய் வரும். இரண்டு வருடத்தில் மூன்று வழியும் பார்த்துவிட்டேன்: மேக், விண்டோஸ் இரண்டும் படிக்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் டிஸ்கை வைப்பது; மேக் டிஸ்கை விண்டோஸுக்குப் படிக்கக் கற்றுத்தரும் டிரைவர் என்ற மென்பொருளைக் காசு கொடுத்துப் போடுவது; விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தில் மெஷினைத் திறந்து நகலெடுப்பது. இப்போது கைவசம் இருப்பது உபுண்டு போட்ட ஒரு பென் டிரைவ். அதனால் கீழே அதன் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

எக்ஸ்ஃபேட் பற்றிச் சுருக்கமாக. டிஸ்க் உங்களுடையது, இன்னும் காலியாக இருக்கிறது என்றால் அதுவே போதும். மேக் 10.6.5 (2010) முதல் படிக்கும், எழுதும். ஃபேட்32 போல 4 ஜிபிக்கு மேல் ஃபைல் ஏறாது என்கிற தொல்லை இல்லை. ஆனால் அதில் ஜர்னல், அதாவது என்ன எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்து வைக்கும் ஏடு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் சரிசெய்துகொள்ள அதனிடம் குறிப்பு எதுவும் இருக்காது. மேக் தன் பங்குக்கு ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் '._' என்று தொடங்கும் குட்டி ஃபைல் ஒன்றைப் போட்டு வைக்கும்; எடிட்டிங்கில் இழுத்தால் எரர் அடிக்கும். அதை அழித்துவிடலாம்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான். பாராகன், மேக்டிரைவ் மாதிரி டிரைவர்கள் காசுக்குக் கிடைக்கின்றன. போட்டுவிட்டால் மேக் டிஸ்க் சாதாரண டிரைவ் போலவே எக்ஸ்ப்ளோரரில் வந்து உட்காரும். மேக்கின் டிஸ்க் ஃபார்மேட்களான, 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ், 2017 முதல் மேக்குகளில் வரும் ஏபிஎஃப்எஸ் இரண்டுக்கும் டிரைவர் உண்டு. வாங்கும் முன் எது உங்களுக்கு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், டிஸ்கில் வைத்தபடியே எடிட் செய்யலாம். சௌகரியத்தில் இதை அடிக்க ஆள் இல்லை.

என் சிக்கலே அந்தச் சௌகரியத்தில்தான் வந்தது. ஒரு முகூர்த்த சீசனில், தூக்கக் கலக்கத்தில், கன்ட்ரோல் சி-க்குப் பதில் எக்ஸ் அழுத்திவிட்டேன். விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலாக நகலெடுத்து, அங்கே அழித்துக்கொண்டே போனது. பாதியில் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருந்தது. டிஸ்கின் அடாப்டர் சுவரில் இருந்த பிளக்கில். தாலி கட்டுவது என் கம்ப்யூட்டரில், ஊர்வலம் அவர் டிஸ்கில். நண்பர் மேக்கில் டிஸ்கைச் சரிசெய்யும் ஃபர்ஸ்ட் எய்ட் ஓட்டி, இரண்டு பக்கமும் பொறுக்கிச் சேர்க்க ஒரு ராத்திரி ஆனது. டிரைவர் மேல் குற்றமில்லை. விரல் என்னுடையது.

அன்றைக்கு உறைத்தது ஒன்றுதான்: டிஸ்க் என்னுடையது இல்லை. அதில் எழுத எனக்கு எந்த வேலையும் கிடையாது. படிக்க மட்டும் என்று டிரைவரிலும் வைக்கலாம், ஆனால் அதை ஒவ்வொரு தடவையும் ஞாபகமாகப் பார்க்க வேண்டியது நாம். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

உபுண்டுவில் அந்த ஞாபகம் தேவையில்லை. பென் டிரைவில் பூட் செய்து, 'ட்ரை உபுண்டு' கொடுத்து, டிஸ்கைச் செருகினால் எச்எஃப்எஸ் பிளஸ் திறக்கிறது. ஜர்னல் உள்ள எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்கில் எழுத லினக்ஸே மறுக்கிறது. வலுக்கட்டாயமாக ஆணை கொடுத்தால் ஒழிய அது படிக்க மட்டும்தான். எக்ஸ் அழுத்தினாலும் அழிக்க முடியாது. இதைக் குறை என்று எழுதுவார்கள். கடை நடத்துகிறவனுக்கு இதுதான் பூட்டு.

தொல்லை இல்லாமல் இல்லை. மேக்கில் முதல் பயனர் எண் 501, உபுண்டுவில் 1000. ஆகவே சில ஃபோல்டர்களை வேறு ஆளுடையது என்று உபுண்டு நினைக்கும்; பூட்டுப் படம் தெரியும், உள்ளே விடாது. கட்டளை டைப் செய்யும் டெர்மினலில், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டு நகலெடுக்க வேண்டும். இன்னொன்று, நகல் போய்ச் சேரும் உங்கள் விண்டோஸ் டிரைவ். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, உபுண்டு அந்த டிரைவில் எழுத மறுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்து அப்படியே பென் டிரைவுக்குப் போங்கள். விண்டோஸ் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1 டிபி என்றால், விநாடிக்கு 100 எம்பி வேகத்தில்கூட இரண்டே முக்கால் மணி நேரம். அதுவரை அந்த மெஷினில் வேறு வேலை நடக்காது. எங்களிடம் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடந்ததால் தப்பித்தோம். இருப்பதே ஒரு மெஷின், டிஸ்கும் தினம் வரும் என்றால் டிரைவரே வாங்குங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் தமிழ்ப் பெயர்களைக் கவனியுங்கள். எச்எஃப்எஸ் பிளஸ் எழுத்துகளைப் பிரித்துத்தான் வைக்கும். 'பொண்ணு அழைப்பு' என்ற ஃபோல்டரில் 'பொ'வில் உள்ள 'ொ' என்ற ஒற்றைக் குறியீடு, கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகிவிடும். கண்ணுக்கு ஒன்றுதான். அப்படியே நகலாகி வந்திருந்தால், விண்டோஸில் டைப் செய்து தேடும்போது கிடைக்காமல் போகலாம். நண்பரிடம் சொல்லி இப்போது பெயர் வேண்டாம், தேதி மட்டும் போடச் சொல்லிவிட்டேன்.

ஏபிஎஃப்எஸ்ஸில் என் அனுபவம் மெலிசு. உபுண்டுவில் அது தானாகத் திறக்கவில்லை. ஏபிஎஃப்எஸ்-ஃபியூஸ் என்ற நிரலைத் தனியாகப் போட்டேன். அதுவும் படிக்க மட்டும். திறந்ததும் 'ரூட்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும், எல்லாம் அதற்குள். இரண்டு டிஸ்கில் வேலை செய்தது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிஸ்கையும் அது திறக்கும், ஆனால் நான் ஒரே ஒரு தடவைதான் முயன்றேன். பூட்டிய டிஸ்க் வந்தால் இன்றைக்கும் காலி டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறுகிறேன்.