எஸ்க்யூஎல் கோப்பை ஓட்ட: பைத்தானா, பிஎஸ்க்யூஎல்லா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு எஸ்க்யூஎல் கோப்பை ஸ்கிரிப்ட் மூலம் ஓட்ட இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன். பைத்தானில் கோப்பைப் படித்து ஒவ்வொரு கட்டளையாக அனுப்பலாம். இல்லாவிட்டால் ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லைக் (psql) கூப்பிட்டுக் கோப்பை அப்படியே கொடுத்துவிடலாம். இப்போது நான் இருப்பது இரண்டாவதில்.

வேகத்தில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. பைத்தானில் நான் முதலில் செய்தது, செமிகோலன் வந்த இடமெல்லாம் வெட்டியது. 'வரவில்லை; மறுபடி அனுப்பு' என்று ஒரு குறிப்பு இருந்த இன்செர்ட் இரண்டு துண்டாகி, இரண்டுமே பிழை. அப்புறம் இரட்டை டாலருக்குள் ($$) இருந்த ஃபங்ஷனும் அதே கதி. இதையெல்லாம் சரிசெய்யப் போனால் எஸ்க்யூஎல்லைப் பிரித்துப் படிக்கும் பார்சரில் பாதியை நாமே எழுதியிருப்போம். பிஎஸ்க்யூஎல்லுக்கு மேற்கோள், கமெண்ட், டாலர் எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது, பாதியில் தவறினால் என்ன ஆகும் என்பதுதான். பிஎஸ்க்யூஎல்லை சும்மா ஓட்டினால் பிழையைத் திரையில் காட்டிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். கடைசியில் எக்ஸிட் கோட் 0, அதாவது எல்லாம் சரி என்று அர்த்தம். ஒருமுறை டேபிள் உருவாகாமலே அதற்கான இன்செர்ட்கள் வரிசையாகத் தவறின. ஸ்கிரிப்ட் மட்டும் 'முடிந்தது' என்றது. பைத்தான் டிரைவர் என்றால் முதல் பிழையிலேயே எக்ஸெப்ஷன் எறிந்திருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு மருந்து ஆன்_எரர்_ஸ்டாப் (ON_ERROR_STOP) என்ற பிஎஸ்க்யூஎல் மாறியை 1 ஆக்குவது. முதல் பிழையிலேயே நின்று, எக்ஸிட் கோட் 3 வரும். ஷெல் ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கூடவே சிங்கிள் டிரான்சாக்ஷன் (--single-transaction) ஆப்ஷனும் கொடுத்தால் மொத்தக் கோப்பும் ஒரே டிரான்சாக்ஷன், அதாவது எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது. போஸ்ட்கிரெஸில் கிரியேட் டேபிள்கூட ரோல்பேக் ஆகும் என்பதால், தவறினால் தரவுத்தளம் பழையபடியே இருக்கும். கோப்புக்குள் தனியாக கமிட் எழுதியிருந்தால் இந்த நிம்மதி போய்விடும். டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் உருவாக்கும் கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது. அதைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஒரு கட்டளையின் விடையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்ய வேண்டிய வேலையா? அப்போது பைத்தான்தான் சரி. மைஎஸ்க்யூஎல்லில் சின்னக் கோப்புகள்தான் ஓட்டியிருக்கிறேன். அதன் கிளையண்ட் முதல் பிழையில் தானாகவே நிற்கும். ஆனால் கிரியேட் டேபிள் அங்கே உடனே கமிட் ஆகிவிடும், திரும்பிப் போக வழியில்லை.

ஒன்று விட்டுப்போச்சு: பிஎஸ்க்யூஎல்லுக்குக் கோப்பை ரீடைரக்ட் (<) செய்யாமல் எஃப் (-f) ஆப்ஷனில் கொடுங்கள். பிழை எந்த வரியில் என்று எண்ணோடு சொல்லும்.