லிட்மன் கிளாசிக் 3 ஸ்டெத் (ஸ்டெதஸ்கோப்), 4 வருசம் வாட்டுல பாவிச்ச பிறகு எழுதுறன்

மட்டக்களப்புல மெடிசின் ரெஜிஸ்ட்ராரா இரிக்கன், ஜூனியர் பிள்ளைகள் "அக்கா எந்த ஸ்டெத் வாங்க" எண்டு கேட்டுக்கொண்டே இரிக்கிறாங்க, அதான் இது.

சத்தம் நல்ல தெளிவு. டயப்ரத்த (நெஞ்சில வைக்கிற தட்டையான சவ்வு) மெல்லமா வச்சா தாழ்ந்த சத்தம், அமத்திப் பிடிச்சா உயர்ந்த சத்தம், திருப்பத் தேவையில்ல. சின்னப் பக்கத்து டயப்ரத்தக் கழட்டி கூட வாற றிம்மப் போட்டா பெல் (தாழ்ந்த சத்தம் கேக்கிற கிண்ணப் பக்கம்) ஆகிரும், மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருங்கின வருத்தம்) உள்ள ஆள இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வச்சு அதால கேட்டுப் பாருங்க, அந்த உருட்டல் சத்தம் வடிவா விளங்கும்.

ஆனா ஸ்டெத் பிடிக்கிறது எப்பிடி எண்டு நான் எங்கட கன்சல்டன்ட் மேடத்தப் பாத்துத்தான் பழகின. மார்கழி மழைக்குள்ள விடியப்புற ரவுண்ட்ஸ்ல ஒவ்வொரு கட்டில்லயும் டயப்ரத்த உள்ளங்கையில தேச்சு சூடாக்கிப்போட்டுத்தான் நெஞ்சில வைப்பா, ஒருநாளும் எங்களுக்கு அதச் செய்யுங்க எண்டு சொன்னதில்ல. மறுகா, காதில மாட்டினா நமக்கு ஆக்கள்ட கதை கேக்காது, ஆனா கட்டிலடியில நிக்கிற நோயாளிட மகள் நம்மட முகத்தையே பாத்துக்கொண்டு நிப்பா. ஒருக்கா நான் கவனமா கேக்கிறன் எண்டு புருவத்தச் சுருக்க, அந்தப் பிள்ள அழத் தொடங்கிட்டு. இப்ப "கேட்டு முடியச் சொல்றன், கொஞ்சம் பொறுங்கம்மா" எண்டு சொல்லாம காதில மாட்டுறதில்ல.

முந்தி மேடம் "மர்மர் கேக்குதா" (இதயத்தில வாற வழமையில்லாத இரைச்சல்) எண்டா கேக்காட்டியும் தலையாட்டிருவன். ஒரு நாள் அவவே எல்லாருக்கு முன்னாலயும் "எனக்கு வடிவாக் கேக்கல்ல, எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பம்" எண்டு சொன்னா, அண்டையிலிருந்துதான் எனக்கும் கேக்கல்ல எண்டு சொல்ல வாய் வந்திச்சு. பிஜிஐஎம் (மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம்) சோதினைக்கு இத யாரும் கேக்கப் போறதில்ல. இரவு 2 மணிக்கு மிஸ்ஸி (நேர்ஸ்) "ஆள் சரியில்ல டொக்டர்" எண்டா நெஞ்சு கிளியரா இரிந்தாலும் கட்டில விட்டு அசையப்படாது எண்டதும் அப்பிடித்தான், வாவிக்கு அங்கால படுவான்கரையிலயிருந்து வாற அம்மாட்ட பஸ் நேரத்தக் கேட்டுப்போட்டு கிளினிக் திகதி போடுறதும் அப்பிடித்தான்.

பராமரிப்புக்கு 70 வீத ஐசோபுரோபைல் அல்ககோலால துடைச்சாக் காணும், ஊறப் போடாதீங்க. கழுத்துத் தோல்ல படாம கொலருக்கு மேல போடுங்க, தோல் எண்ணெய் பட்டா ரியூப் இறுகிரும். பேர எழுதி ஒட்டி வைங்க, வாட்டுல ஒரு கை மாறினா மறுகா தேடித் திரியவேணும்.