நடைப் பரிசோதனைப் பாய்: குட்டிப் பாதங்களுக்கு எவ்வளவு உதவும்?

தாங்கித் தாங்கி நடக்கும் குழந்தைக்கு எந்தக் காலில் வலி என்பதை, மேலே நடந்தால் ஒவ்வொரு அடியையும் உணரிகளால் பதியும் இந்தப் பாய் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வலிக்கிற கால் தரையில் குறைந்த நேரமே நிற்கும். அந்த நொடிக் கணக்கு கண்ணுக்குத் தப்பினாலும் பாய்க்குத் தப்பாது. குதிகால் படாமல் நுனிக்காலில் நடப்பதும் தெளிவாகப் பதிகிறது. இந்த இரண்டுக்கும் நம்பலாம்.

தட்டைப் பாதம் பார்க்க இது வேண்டாம். பல பாய்களில் உணரிகளுக்கு இடையே 1.27 செ.மீ. இடைவெளி. 12 செ.மீ. பாதத்தின் கீழே நீளவாக்கில் ஒன்பதோ பத்தோதான் வரும். போதாததற்கு, நடை பழகும் வயதில் உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருப்பதால் ஏறக்குறைய எல்லாப் பாதமும் தட்டையாகவே பதியும். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு எழும்புகிறதா என்று பார்த்தாலே போதும்.

அறிக்கையில் எல்லா அளவும் இயல்புக்கு மாறானது என்று சிவப்பாக வந்தால் பதற வேண்டாம். எந்த அட்டவணையோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ஒரு வயதில் நிமிடத்துக்குச் சுமார் 175 அடி எடுத்துவைப்பார்கள், ஏழு வயதில் 140, பெரியவர்களுக்கு 115 சொச்சம். பெரியவர் அளவை வைத்துப் பார்த்தால் எந்தக் குழந்தையும் தேறாது.

பரிசோதனையைக் கெடுப்பவை அற்ப விஷயங்கள்தான். தடித்த டயபர் கால்களை அகட்டிவிடும். கழற்றிவிட்டு வெறுங்காலில் நடக்கவிட வேண்டும். கையைப் பிடித்தால் கால்களுக்கு இடையிலான அகலமும் வேகமும் மாறும். எதிர்முனையிலிருந்து குழந்தையை அழைப்பவர் பாயின் விளிம்பிலேயே உட்கார்ந்தால் குழந்தை கடைசி மூன்று அடியில் வேகத்தைக் குறைத்துவிடும்; இரண்டு மீட்டர் தள்ளி உட்காரட்டும். ஒரே நடையை வைத்து எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள்.

இடுப்பைப் பற்றிப் பாய்க்கு ஒன்றும் தெரியாது. கால் உள்நோக்கித் திரும்புவதைக் கோணமாகச் சொல்லும். திருகல் தொடையிலா, கணைக்கால் எலும்பிலா, பாதத்திலா என்பது குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். தசை பலவீனம் இருந்தால் குழந்தை தொடையில் கையூன்றி எழும்; அதையும் பாய் காட்டாது, தரையில் உட்காரவைத்து எழச் செய்துதான் பார்க்க வேண்டும். கைப்பரிசோதனை இல்லாத இடத்தில் பாயை மட்டும் நம்பிப் போவது பாதி வேலைதான்.

18 மாதமாகியும் தனியாக நடக்காத குழந்தைக்கு முதலில் வேண்டியது குழந்தை மருத்துவர். காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே மருத்துவமனை; மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.