கிறிஸ்துமஸ் காலத் திவோலி: மாலையில் போங்கள்

டென்மார்க்கின் கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது, 1843-இல் திறந்த திவோலி பூங்கா. நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் அலங்காரம். டிசம்பர் 24 அன்று மூடியிருக்கும். அங்கே நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்று மணிக்கு உள்ளே போனால் பகலையும் விளக்குகளையும் ஒரே நுழைவுச் சீட்டில் பார்க்கலாம். ராட்டினங்கள் அந்தச் சீட்டில் சேராது, தனிப் பணம்; ஒன்றிரண்டு போதுமென்றால் வரம்பில்லா பாஸ் வீண். 1914-ஆம் ஆண்டின் மர ரோலர் கோஸ்டரை விடாதீர்கள்: வண்டியிலேயே ஒருவர் உட்கார்ந்து பிரேக் போடுகிறார்! 80 மீட்டர் உயரச் சங்கிலி ராட்டினத்தைக் காற்று வலுத்தால் நிறுத்திவிடுவார்கள்; அதை முதலில் முடியுங்கள். கையுறை இல்லாமல் ஏறினால் விரல்கள் விறைத்துவிடும். உலர்திராட்சையும் பாதாமும் போட்ட சூடான ஒயின் அருமை. சாப்பாட்டு விலைதான் கொஞ்சம் அநியாயம்.